பலகையா, புரோக்கரா? லோடு ஆப்பில் ஏமாந்தால் யார் பொறுப்பு

பண்ருட்டியில் ஒரு முந்திரி வியாபாரி இருக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். டெல்லிக்குப் பத்து டன் பருப்பு போக வேண்டும். வழக்கமாக வண்டி அனுப்புகிறவரிடம் அன்றைக்கு வண்டி இல்லை. போனை எடுத்து லோடு ஆப்பில் போடுகிறார்: பண்ருட்டி டூ டெல்லி, 10 டன், நாளை மாலை லோடிங். கால் மணி நேரத்தில் ஏழெட்டு அழைப்பு. அதில் ஒருவர் கடலூரில் டிரான்ஸ்போர்ட் வைத்திருப்பதாகச் சொல்கிறார். ஆப்பில் அவர் பெயருக்குப் பக்கத்தில் பச்சை டிக் இருக்கிறது. ஒரு லட்சம் வாடகை, எண்பதாயிரம் அட்வான்ஸ், பேலன்ஸ் சரக்கு இறங்கிய பிறகு.

வண்டி வருகிறது. லோடு ஏறுகிறது. தார்ப்பாய் கட்டிக் கிளம்புகிறது. மூன்றாம் நாள் டிரைவரின் போன் ஸ்விட்ச் ஆஃப். ஐந்தாம் நாள் விசாரித்தால், அந்த நம்பர் பிளேட்டுக்குச் சொந்தமான உண்மையான லாரி வேறொரு ஊரில் அதன் ஓனர் வீட்டு வாசலில் நிற்கிறது. கடலூர் டிரான்ஸ்போர்ட்காரர், "நானே அந்த வண்டியை இன்னொரு ஆப்பில்தான் பிடித்தேன், என்னை என்ன செய்யச் சொல்றீங்க?" என்கிறார். ஆப்புக்கு எழுதினால், "நாங்கள் தளம் மட்டுமே, பரிவர்த்தனைக்குப் பொறுப்பல்ல" என்று ஒரு பதில் வருகிறது.

எழுபது லட்சம் ரூபாய்ச் சரக்கு. யாரிடம் கேட்பது?

கதை கற்பனை, எண்கள் கணக்குச் சுலபத்துக்காகப் போட்டவை. கேள்வி மட்டும் உண்மையானது. நான் வக்கீல் இல்லை. லாரித் தொழிலின் ஓரத்தில் வளர்ந்தவன். சட்டம் சொல்வதைப் புக்கிங் ஆபீஸ் பாஷையில் சொல்லிப் பார்க்கிறேன்.

கரும்பலகையும் சித்தப்பாவும்

படிப்பு முடித்து வேலை தேடிக்கொண்டிருந்த வருடம், கடலூர் முதுநகரில் சித்தப்பாவின் புக்கிங் ஆபீஸில் எல்.ஆர். எழுதிக்கொண்டிருந்தேன். எல்.ஆர். என்றால் லாரி ரசீது. சரக்கை ஏற்றுக்கொண்டதற்கு டிரான்ஸ்போர்ட் தரும் சீட்டு. ஆபீஸ் சுவரில் ஒரு கரும்பலகை இருந்தது. விஜயவாடா 2, பெங்களூர் 1, அகமதாபாத் 1 என்று சாக்பீஸில் எழுதியிருக்கும். டிரைவர்கள் டீ கிளாஸோடு வந்து அதைப் பார்த்துவிட்டுப் போவார்கள். பார்ப்பதற்கு யாரும் காசு தந்ததில்லை.

கமிஷன் சித்தப்பாவுக்கு. புது வண்டி வந்தால் ஆர்.சி. புத்தகத்தை வாங்கிக்கொண்டு வெளியே போய், சேசிஸில், அதாவது வண்டியின் அடிச்சட்டத்தில், அடித்திருக்கும் எண்ணைக் கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு ஒப்பிட்டுப் பார்ப்பார். டிரைவர் எந்த ஊர், ஓனர் யார், கடைசியாக யாருடைய லோடு ஏற்றினான் என்று கேட்பார். பிறகு ஓனருக்கே போன் போடுவார். அத்தனையும் சரியென்றால்தான் "ஏத்துப்பா" என்பார். அப்படியும் ஒருமுறை ஒரு லோடு வழியில் குறைந்தது. பார்ட்டி, அதாவது சரக்குக்காரர், நேரே எங்கள் வீட்டுக்கு வந்து திண்ணையில் உட்கார்ந்துவிட்டார். வீடு எங்கே என்று அவருக்குத் தெரிந்திருந்தது, அதுதான் விஷயம்.

ஆக அந்த ஆபீஸில் இரண்டு வேலை நடந்தது. எங்கே லோடு, எங்கே வண்டி என்ற தகவல் ஒன்று. அதைக் கரும்பலகை செய்தது. "இந்த வண்டியை நம்பி ஏற்றலாம், ஏதாவது ஆனால் நான் இருக்கிறேன்" என்ற ஜாமீன் இன்னொன்று. அதைச் சித்தப்பா செய்தார். லோடு ஆப் முதல் வேலையைப் பிரமாதமாகச் செய்கிறது. சித்தப்பாவுக்கு ஐம்பது வண்டி தெரியும் என்றால் அதற்கு லட்சக்கணக்கில் தெரியும். இரண்டாவது வேலையை அது செய்கிறதா இல்லையா என்பதில்தான் எல்லாச் சண்டையும்.

பலகையைத் தனியாகப் பிரித்தெடுக்கும் யோசனை போனோடு வந்ததில்லை. 1978இல் அமெரிக்காவின் ஓரிகன் மாநிலம் போர்ட்லாண்டில், ஜூபிட்ஸ் என்ற லாரி நிறுத்தத்தில் ஒரு திரையை மாட்டி அதில் லோடு விவரங்களை ஓடவிட்டார்கள். பெயர் டயல்-எ-டிரக். இன்று டி.ஏ.டி. என்ற பெயரில் அங்கே பெரிய லோடு சந்தை அதுதான். அங்கே பலகை வேறு, புரோக்கர் வேறு என்று கோடு கிழித்துவிட்டார்கள். புரோக்கராக இருக்க வேண்டுமானால் அரசிடம் லைசென்ஸ் வாங்க வேண்டும். 2013 அக்டோபரிலிருந்து 75,000 டாலருக்கு ஜாமீன் பத்திரமும் கட்டிவைக்க வேண்டும். லாரிக்காரருக்கு வாடகை வராமல் போனால் அந்தப் பத்திரத்தில் கை வைக்கலாம். அதாவது சித்தப்பாவின் திண்ணையை அவர்கள் டாலர் கணக்கில் எழுதி வைத்திருக்கிறார்கள்.

ஓட்டிக்கொண்டு போனவன்

இவனைப் பற்றி நீட்ட வேண்டாம். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் உள்ள பாரதிய நியாய சன்ஹிதாவில் ஏமாற்றுதலுக்கு 318ஆம் பிரிவு, ஆள்மாறாட்டத்துக்கு 319, நம்பி ஒப்படைத்ததைக் கையாடினால் 316. சரக்கேற்றும் தொழில் செய்பவரே கையாடினால் ஏழு வருடம் வரை சிறை. போன், கம்ப்யூட்டர் வழியாக வேறொருவராக நடித்து ஏமாற்றினால் தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 66டி பிரிவும் சேரும். அதில் மூன்று வருடம் வரை, ஒரு லட்சம் வரை அபராதம்.

ஆனால் அவன் ஜெயிலுக்குப் போவது ஒரு கணக்கு, எழுபது லட்சம் திரும்பி வருவது இன்னொரு கணக்கு. முதலாவது போலீஸ் வேலை. இரண்டாவதுக்கு, ஓடிப்போகாமல் ஊரில் இருப்பவர் யார் என்று பார்க்க வேண்டும்.

எல்.ஆர். கிழித்தவர்

கடலூர் டிரான்ஸ்போர்ட்காரர் ஊரில்தான் இருக்கிறார். "நான் நடுவில் ஒரு ஆள்தான்" என்பது அவர் வாதம். இது சட்டத்தில் நிற்காத வாதம் என்பது நிறையப் பேருக்குத் தெரியாது. டிரான்ஸ்போர்ட் வைத்திருப்பவர்களிலேயே பலருக்குத் தெரியாது.

இந்தியாவில் இதற்கென்று சாலைவழிச் சரக்குப் போக்குவரத்துச் சட்டம், 2007 இருக்கிறது. 1865ஆம் வருடத்துப் பழைய கேரியர்ஸ் சட்டத்தை எடுத்துவிட்டு இதைக் கொண்டுவந்தார்கள். 2011இல் விதிகளோடு நடப்புக்கு வந்தது. சரக்கை ஏற்றுக்கொண்டு கொண்டுபோய்ச் சேர்ப்பதைத் தொழிலாகச் செய்பவரை இது 'காமன் கேரியர்' என்கிறது. யாரெல்லாம் காமன் கேரியர் என்ற விளக்கத்தில் லாரி வைத்திருப்பவர் மட்டும் இல்லை. புக்கிங் கம்பெனி, காண்டிராக்டர், ஏஜென்ட், புரோக்கர் என்று பெயர் சொல்லி எழுதியிருக்கிறார்கள். சொந்தமாக ஒரு சக்கரம்கூட இல்லாதவரும் உள்ளே வருவார். அவர் பதிவு செய்துகொண்டுதான் தொழில் செய்ய வேண்டும்.

அப்புறம் பொறுப்பு. வழியில் சரக்கு தொலைந்தாலும் கெட்டாலும் போய்ச் சேராவிட்டாலும் காமன் கேரியர் பொறுப்பு. இதற்கு விலக்கு மிகக் குறைவு: இயற்கைச் சீற்றம், போர், கலவரம், சட்டப்படியான ஜப்தி, அரசு உத்தரவு. "வண்டிக்காரன் என்னையும் ஏமாற்றிவிட்டான்" என்பது அந்தப் பட்டியலில் கிடையாது. இன்னொரு நல்ல ஏற்பாடும் உண்டு. கேரியர் கவனக்குறைவாக இருந்தார் என்றோ, அவருடைய ஆள் குற்றம் செய்தான் என்றோ சரக்குக்காரர் நிரூபிக்க வேண்டியதில்லை. கொடுத்தேன், போய்ச் சேரவில்லை என்று காட்டினால் போதும்.

அப்படியானால் எழுபது லட்சமும் வந்துவிடுமா? இங்கேதான் ஒரு பள்ளம். லோடு ஏற்றும்போது அனுப்புகிறவர் ஒரு சீட்டு எழுதித் தர வேண்டும்: என்ன சரக்கு, எவ்வளவு எடை, என்ன மதிப்பு, யாருக்கு. அதிக மதிப்பை அறிவித்து, அதற்கான கூடுதல் கட்டணத்துக்கு ஒப்புக்கொண்டு ஏற்றினால் ஒரு கணக்கு. சும்மா ஏற்றினால் 2011 விதிகளின்படி கேரியரின் பொறுப்பு வாடகையைப் போல் பத்து மடங்கோடு நின்றுவிடும். நம் வியாபாரி ஒரு லட்சம் வாடகை பேசினார். பத்து லட்சம். மீதி அறுபது, டிரான்சிட் இன்சூரன்ஸ் இருந்தால் அதில் கேட்க வேண்டியதுதான். இன்சூரன்ஸ்காரரும் முதலில் எல்.ஆரைத்தான் கேட்பார்.

வாட்ஸ்அப்பில் வண்டி நம்பர், டிரைவர் நம்பர், கூகுள் பே ரசீது மட்டும் வைத்துக்கொண்டு லோடு ஏற்றும் பழக்கம் ஆப் வந்த பிறகு கூடிவிட்டது. எல்.ஆர். போடாமல் போன லோடில், யார் சரக்கை ஏற்றுக்கொண்டார் என்பதையே கோர்ட்டில் வாதாட வேண்டியிருக்கும். என்னைக் கேட்டால், ஆப்பின் பொறுப்பைப் பற்றி ஆயிரம் பேசுவதற்கு முன் இந்த ஒரு தாளைப் பற்றிப் பேச வேண்டும்.

"நாங்கள் தளம் மட்டுமே"

இப்போது ஆப்புக்கு வருவோம். அந்த ஒரு வரிப் பதிலுக்குப் பின்னால் தகவல் தொழில்நுட்பச் சட்டம், 2000இன் 79ஆம் பிரிவு இருக்கிறது. இணையத்தில் நடுவில் நிற்கும் நிறுவனங்களைச் சட்டம் 'இன்டர்மீடியரி' என்கிறது. ஆன்லைன் சந்தைகளும் அதில் அடக்கம். அடுத்தவர் போட்ட தகவலுக்காக நடுவில் இருப்பவரைத் தண்டிக்கக் கூடாது என்பது அந்தப் பிரிவின் சாரம். நியாயம்தான். சுவரில் எவனோ பொய் விளம்பரம் ஒட்டினால் சுவருக்குச் சொந்தக்காரரைப் பிடித்து உள்ளே போடுவது எப்படிச் சரியாகும்? அப்படியும் ஒருமுறை நடந்தது. 2004இல் பாஸி டாட் காம் என்ற ஏலத் தளத்தில் ஒருவர் ஆபாச வீடியோவை விற்பனைக்குப் போட்டதற்காகத் தளத்தின் தலைவரைக் கைது செய்தார்கள். பெரிய விவாதம் எழுந்தது. 2008 திருத்தத்தில் 79ஆம் பிரிவு இன்றைய வடிவத்துக்கு வந்தது.

ஆனால் அந்தப் பாதுகாப்பு சும்மா கிடைப்பதில்லை. தகவலை அனுப்புவதைத் தளமே தொடங்கக் கூடாது, யாருக்குப் போக வேண்டும் என்று தேர்ந்தெடுக்கக் கூடாது, தகவலை மாற்றக் கூடாது. சட்டம் சொல்லும் கவனத்தோடு நடந்துகொள்ள வேண்டும். குற்றத்துக்கு உடந்தையாக இருந்தால் பாதுகாப்பு போய்விடும். விஷயம் தெரிந்தும் நீக்காமல் விட்டாலும் போய்விடும். இந்தத் 'தெரிந்தும்' என்ற சொல்லைச் சுப்ரீம் கோர்ட் 2015இல் ஷ்ரேயா சிங்கால் வழக்கில் சுருக்கிவிட்டது: கோர்ட் உத்தரவோ அரசு அறிவிப்போ வந்தால்தான் தெரிந்ததாக அர்த்தம். நாம் அனுப்பும் புகார் மெயில் அந்தக் கணக்கில் சேராது. ஆனாலும் 2021 விதிகளின்படி ஒவ்வொரு தளத்திலும் குறைதீர் அதிகாரி இருக்க வேண்டும். புகார் கிடைத்ததை 24 மணி நேரத்தில் ஒப்புக்கொண்டு 7 நாளில் முடிவு சொல்ல வேண்டும். அவர் பெயர் ஆப்பின் அடிமடியில் எங்கேயோ இருக்கும், தேடினால் கிடைக்கும்.

சரி, ஆப் வெறும் சுவரா? சில ஆப்கள் உண்மையிலேயே சுவர்தான். லோடு போடு, வண்டி போடு, நம்பரைப் பார், நீங்களே பேசிக்கொள்ளுங்கள். மாதச் சந்தா மட்டும் வாங்கும். இவற்றைப் பிடித்து எழுபது லட்சம் கேட்டால் நிற்காது, கேட்பதும் முறையில்லை.

வேறு சில ஆப்கள் வாடகையை நிர்ணயிக்கும், எந்த வண்டி வரும் என்பதை முடிவு செய்யும், பணத்தைத் தன் கணக்கில் வாங்கித் தன் கணக்கிலிருந்து கொடுக்கும், பில் தன் பெயரில் போடும். இது சித்தப்பா செய்த வேலை. கையில் கரும்பலகைக்குப் பதில் சர்வர் இருக்கிறது, அவ்வளவே. இப்படிச் செய்பவரை 2007 சட்டத்தில் இருக்கும் 'புரோக்கர்', 'புக்கிங் கம்பெனி' என்ற சொற்களுக்கு வெளியே நிறுத்துவது கஷ்டம் என்பது என் எண்ணம். தன் பெயரில் எல்.ஆர். தந்துவிட்டால் சந்தேகமே வேண்டாம்.

ஐரோப்பாவில் இதே கேள்வி கால் டாக்ஸியில் வந்தது. ஊபர் தன்னைத் தகவல் சேவை என்றது. வாடகை, டிரைவர், சேவையின் தரம் எல்லாவற்றையும் நீதானே தீர்மானிக்கிறாய், நீ போக்குவரத்து நிறுவனம் என்று 2017 டிசம்பர் 20 அன்று ஐரோப்பிய நீதிமன்றம் சொல்லிவிட்டது. இரண்டு வருடம் கழித்து அதே நீதிமன்றம், ஏர்பிஎன்பி வாடகையைத் தீர்மானிப்பதில்லை என்பதையும் பார்த்து, அது தகவல் சேவைதான் என்றது. கையில் இருக்கும் கயிறு எவ்வளவு நீளம் என்று அளந்திருக்கிறார்கள்.

இங்கே கோர்ட்டுகள் ஒரே திசையில் போகவில்லை. விற்பனையில் தீவிரமாகக் கை வைக்கும் தளத்துக்கு 79இன் குடை கிடையாது என்று டெல்லி உயர்நீதிமன்றத்தின் தனி நீதிபதி 2018இல் லூபூட்டான் செருப்பு வழக்கில் சொன்னார். சட்டத்தில் அப்படி 'தீவிரத் தளம்', 'சும்மா இருக்கும் தளம்' என்ற பிரிவே இல்லை என்று அதே உயர்நீதிமன்றத்தின் இரு நீதிபதிகள் 2020இல் அமேசான், ஆம்வே வழக்கில் சொன்னார்கள். 2023 ஆகஸ்டில் வந்தது நம் தொழிலுக்கு நெருக்கமான வழக்கு. அகர்வால் பேக்கர்ஸ் அண்ட் மூவர்ஸ் என்ற பெயரைத் தேடினால் மற்றவர்களின் விளம்பரம் முன்னால் வந்து நிற்கிறது என்று அந்த நிறுவனம் கூகுள் மேல் வழக்குப் போட்டிருந்தது. விளம்பரத் திட்டத்தில் கூகுள் தானே பங்காளி; அதில் வர்த்தகக் குறி மீறல் நடந்தால் 'நான் சும்மா நடுவில் இருக்கிறேன்' என்று சொல்ல முடியாது என்றது அதே உயர்நீதிமன்றம்.

எனக்கு இதில் பெரிதாகப் படுவது பச்சை டிக். அந்த டிக் எதைச் சொல்கிறது? பெரும்பாலும் ஒரு போன் நம்பருக்கு ஓ.டி.பி. போனது, ஒரு பான் கார்டு எண் சரியாக இருந்தது, அவ்வளவுதான். பார்க்கிறவர் என்ன புரிந்துகொள்கிறார்? "கம்பெனியே பார்த்து ஓகே சொன்ன ஆள்." இந்த இடைவெளியில்தான் எழுபது லட்சம் விழுந்தது. இந்திய ஒப்பந்தச் சட்டத்தின் 18ஆம் பிரிவில் அழகான ஒரு வரி இருக்கிறது. உண்மையல்லாத ஒன்றை, தன் கையில் இருக்கும் தகவல் தாங்காத அளவுக்கு உறுதியாகச் சொன்னால், அதைத் தானே உண்மை என்று நம்பிச் சொல்லியிருந்தாலும், அது தவறான கூற்றுதான். 1872இல் எழுதியது. 'சரிபார்க்கப்பட்டவர்' என்று டிக் போடும் ஒவ்வொரு ஆப்பும் அதை அச்சடித்துச் சுவரில் மாட்டிக்கொள்ளலாம்.

'எதற்கும் பொறுப்பல்ல' என்று ஆப்பின் விதிமுறையில் எழுதி, நாமும் படிக்காமல் ஓகே அழுத்தியிருப்போம். அது நமக்கும் ஆப்புக்கும் இடையிலான ஒப்பந்தம், கனம் உண்டு. ஆனால் எந்தச் சட்டம் ஒருவரைக் காமன் கேரியர் என்கிறதோ, அதிலிருந்து ஒரு பத்தி எழுதி வெளியே வந்துவிட முடியாது.

லாரிக்காரர் பக்கம்

இதுவரை சரக்குக்காரரின் கண்ணீரையே பார்த்தோம். ஏமாறுவதில் எண்ணிக்கையில் லாரிக்காரர்கள் குறைந்தவர்கள் இல்லை. தொகைதான் சின்னது, அதனால் யாரும் பேசுவதில்லை.

என் அத்தை மகன் ஒற்றை வண்டி ஓனர், அவனே டிரைவர். புதுச்சேரி மேட்டுப்பாளையத்தில் லோடு இறக்கிவிட்டு ரிட்டர்ன் லோடு தேடினான். ஒரு ஆப்பில் ஓசூருக்கு நல்ல வாடகை. போன் போட்டால் ஆள் மரியாதையாகப் பேசினான். பெரிய கம்பெனி, கேட் பாஸ் போட 3,500 கட்டணும், அட்வான்ஸோடு திரும்பி வந்துவிடும் என்றான். கட்டினான். சேதராப்பட்டில் சொன்ன இடத்துக்குப் போனால் கம்பெனி இருந்தது. அவர்களுக்கு லோடும் இல்லை, அப்படி ஒரு ஆளும் இல்லை. ஆப்புக்குப் புகார் கொடுத்தான். "உங்கள் அனுபவத்துக்கு வருந்துகிறோம்" என்று வந்தது. அந்த லோடு அடுத்த நாளும் ஆப்பில் இருந்தது, அதே நம்பரோடு. முதல் நாள் நடந்ததற்கு ஆப்பைக் குறை சொல்ல நான் தயங்குவேன். இரண்டாம் நாளும் அது இருந்ததற்குத் தயங்க மாட்டேன். ஷ்ரேயா சிங்கால் வழக்கு அதற்குக் குடை பிடித்தாலும்.

இதைவிடப் பெரிய அடி, லோடை விற்பது. பார்ட்டியிடம் ஒரு லட்சத்துக்கு லோடு எடுத்தவர் அதை எழுபத்தைந்துக்கு இன்னொருவரிடம் தள்ளுவார், அவர் அறுபத்தெட்டுக்கு ஆப்பில் போடுவார். கடைசியில் ஓட்டியவர் டெல்லியில் இறக்கிவிட்டு பேலன்ஸ் கேட்கும்போது நடுவில் ஒருவர் காணாமல் போயிருப்பார். பார்ட்டி, "நான் முழுசா கொடுத்துட்டேன்" என்பார், உண்மைதான். லாரிக்காரருக்கு வாடகை தர வேண்டியவர் அவரோடு பேசியவர், அதாவது ஓடிப்போனவர். கோபத்தில் சரக்கை இறக்காமல் நிறுத்தி வைப்பவர்கள் உண்டு. அது ஆபத்து. பார்ட்டி கையாடல் என்று புகார் கொடுத்தால், வாடகைக்காக அலைந்தவரே மேலே சொன்ன 316இல் பதில் சொல்ல வேண்டி வரும்.

லோடு கைமாறிப் போவதுதான் சரக்குத் திருட்டுக்கும் வாசல். 2024 நவம்பரில் அமெரிக்காவில், சமையல் நிகழ்ச்சிக்காரர் கை ஃபியரியும் பாடகர் சாமி ஹேகரும் நடத்தும் மதுக் கம்பெனியின் இரண்டு லாரி சரக்கு, 24,000 பாட்டிலுக்கு மேல், டெக்சாஸின் லரேடோவிலிருந்து கிளம்பி மாயமானது. கம்பெனி ஒருவரிடம் கொடுத்தது, அவர் இன்னொருவரிடம் கொடுத்தார், எங்கோ ஒரு கட்டத்தில் போலி ஆள் நுழைந்துவிட்டான். வண்டி சரியான பாதையில் வருவதாகப் போலி ஜி.பி.எஸ். காட்டிக்கொண்டே இருந்தது, ஒரு வண்டியில் தண்ணீர் பம்ப் கெட்டுவிட்டது என்று சாக்கும் வந்தது. நம் பண்ருட்டி வியாபாரிக்கு இதில் எதுவும் புதிதாக இருக்காது.

ஏற்றும் முன், தொலைத்த பின்

டிரைவர் வாட்ஸ்அப்பில் அனுப்பும் ஆர்.சி. படத்துக்கு ஒரு மதிப்பும் இல்லை. அவர் போனில் அரசு ஆப்களான டிஜிலாக்கரையோ எம்-பரிவாகனையோ திறந்து காட்டச் சொல்லுங்கள். நம்பரைத் தேடினால் விவரம் சரியாக வருகிறதே என்று நிம்மதி அடையாதீர்கள். திருட்டு பிளேட் என்றால் உண்மையான வண்டியின் விவரம் சரியாகத்தான் வரும். வண்டியில் அடித்திருக்கும் சேசிஸ் எண்ணோடு ஒப்பிட வேண்டும். சித்தப்பா கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு செய்ததுதான். அது முடிந்த பிறகு இ-வே பில்லில் (ஜி.எஸ்.டி.க்காகச் சரக்கோடு போகும் மின்-சீட்டு) வண்டி எண்ணை ஏற்றுங்கள். கடலூர், பாண்டி பக்கத்துக்காரர்களுக்கு ஒரு இடைச்செருகல்: தமிழ்நாட்டுக்குள் ஒரு லட்சம் வரை இ-வே பில் வேண்டாம் என்ற பழக்கத்தில், கன்னியக்கோயில் தாண்டிப் போகும் சரக்குக்கும் போடாமல் விடுகிறார்கள். அரை மணி நேரப் பயணம் என்றாலும் அது வெளிமாநிலம், வரம்பு 50,000.

டிரான்ஸ்போர்ட்காரரிடம், "வண்டியை நீங்களே ஓட்டுவீர்களா, வேறு யாருக்காவது கொடுப்பீர்களா" என்று எழுத்தில் கேட்டு வாங்குங்கள். அட்வான்ஸை எல்.ஆரில் இருக்கும் பெயருக்கு மட்டும் போடுங்கள். டிரைவரின் மச்சான் கணக்குக்குப் போடச் சொன்னால் அங்கேயே நிறுத்திவிடுங்கள்.

ஏமாந்துவிட்டால், பணம் போன முதல் சில மணி நேரத்தில் சைபர் மோசடி உதவி எண்ணான 1930க்கு அடிக்க வேண்டும், சைபர் கிரைம் இணையதளத்திலும் பதிய வேண்டும். பணம் வங்கிக் கணக்கில் இருக்கும்போதே நிறுத்திவைக்க அதுதான் வழி. அப்புறம் போலீஸ். லோடு பண்ருட்டியில் ஏறியது, டிரான்ஸ்போர்ட் கடலூரில், பணம் போன கணக்கு எங்கேயோ. "இது எங்க லிமிட் இல்லை" என்று சொன்னால், புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவில் எந்த ஸ்டேஷனிலும் புகாரைப் பதியலாம் என்று சொல்லுங்கள். தமிழ்நாட்டு போலீஸ், பாண்டி போலீஸ் என்று பந்து விளையாடும் எல்லையோரத்தில் இந்தப் பிரிவு ரொம்பவே உதவும்.

நுகர்வோர் நீதிமன்றம், வியாபாரத்துக்காகப் பெற்ற சேவை என்றால் பொதுவாக எடுக்காது. வீடு மாற்றச் சாமான் ஏற்றி ஏமாந்தவருக்கு அது நல்ல வழி.

கடைசியாக நிறையப் பேர் கோட்டைவிடும் ஒன்று. கேரியர் மேல் வழக்குப் போட வேண்டுமென்றால், அதற்கு முன் சரக்கு தொலைந்ததை எழுத்தில் அவருக்குத் தெரிவித்திருக்க வேண்டும், அதுவும் 180 நாளுக்குள். இந்த 180, சரக்கு காணாமல் போன நாளிலிருந்து ஓடுவதில்லை; புக்கிங் செய்த நாளிலிருந்து ஓடுகிறது. "போலீஸ் தேடுது, பார்க்கலாம்", "ஆப்காரங்க விசாரிக்கிறோம்னு சொல்லியிருக்காங்க" என்று அரை வருடம் சுலபமாகப் போய்விடும். மாசி முதல் தேதி புக்கான லோடு என்றால், ஆடி 25ஆம் தேதிக்குள் கடலூர் டிரான்ஸ்போர்ட்டுக்கு ஒரு கடிதமும், வாடகையைத் தன் கணக்கில் வாங்கியது ஆப் என்றால் அதற்கு ஒரு கடிதமும் ஸ்பீட் போஸ்டில் போய்ச் சேர்ந்திருக்க வேண்டும். ரசீதை எல்.ஆரோடு சேர்த்துப் பின் அடித்து வையுங்கள்.